கழுவிய நீரும் கல்வாழையும்



ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு, நீர் என்பது குழாயைத் திருகும் கணத்தில் தோன்றித் தொட்டியின் அடித்துளையில் மறைந்துவிடும் ஒரு பொருள். அப்பால் அது எங்கே போகிறது என்று அறிய வேண்டிய தேவை அடுக்குமாடி வீட்டில் எழுவதில்லை. ஊர் வீட்டின் நிலை வேறு. அங்கே நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அதைச் சுமக்கும் இடுப்பு அறியும். எங்கே போகிறது என்பதைக் கொல்லைப்புறம் அறியும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கொல்லைப்புறத்தைச் சார்ந்தது. குளித்த நீர், துணி துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவற்றைத் தூய்மையாக்கி மீண்டும் தோட்டத்துக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதே அது.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பது நமது பணி. இப்பொருள் பற்றிய சுற்றறிக்கை ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோது, இந்நீருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல்லாகச் ‘சாம்பல் நீர்’ என்று பெயர்த்து வைத்தோம். பின்னர் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது நம் அத்தையிடம் அச்சொல்லைச் சொல்லிப் பார்த்தோம். “சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்சது அந்தக் காலம், சாமி. இப்ப ஏது சாம்பல்?” என்றார் அவர். நாம் சிரித்தோம். ஆனால் அந்த மறுமொழியில் இன்றைய பொருளின் பாதி அடங்கியிருந்ததைப் பிற்பாடுதான் உணர்ந்தோம். அதனை உரிய இடத்தில் சொல்வோம். இப்போதைக்கு இந்நீரைக் ‘கழுவுநீர்’ என்றே வழங்குவோம். கழிப்பறை நீர் இதில் சேராது.

அத்தையின் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்து இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாயை நேயர்கள் அறிவார்கள். அக்கணவாயின் கிழக்கு வாயிலில் வடகரைப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி முதலிய ஊராட்சிகள் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது இப்பகுதி கேரளத்தில் அடங்கியது. ஆயினும் இங்குள்ளோரில் மிகப் பலருக்கு வீட்டு மொழி தமிழே. தலைக்கு மேலுள்ள வானமும் கோயம்புத்தூர் வானமே. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் என்பர். அதைக் கேட்டு இங்கே வந்து பார்ப்பவர் ஏமாந்துபோவார். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பாலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, இவ்வூர்களுக்குக் காற்றை மட்டும் தாராளமாக அனுப்பி வைக்கிறது. கோடையில் கிணறு வற்றும். ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும்.

இதே பெருமாட்டி ஊராட்சியில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே 2000-ஆம் ஆண்டில் கோகோ கோலா ஆலை தொடங்கியது. கிணற்று நீர் வற்றுகிறது, எஞ்சிய நீரும் குடிக்கவும் சமைக்கவும் ஆகாததாகிவிட்டது என்று கூறி, 2002 ஏப்ரலில் பழங்குடி மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். மயிலம்மா என்னும் பெண்மணி அதன் முகமாக விளங்கினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உலகம் முழுவதும் பேசப்பட்ட அவ்வழக்கின் வரலாற்றுக்குள் நாம் இப்போது புக வேண்டியதில்லை. அப்பகுதிப் பெண்களுக்கு ஒரு குடம் நீர் என்ன பொருள்படும் என்பதை நினைவூட்டவே அதைக் குறிப்பிட்டோம்.

அந்த ஒரு குடம் நீர் வீட்டுக்குள் வந்த பின் என்னவாகிறது? 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், சிற்றூரில் வாழும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர் ஆயிற்று. குடிப்பதும், சமைப்பதும், கழிப்பறைக்குப் போவதும் நீங்கலாக, ஏறத்தாழ 200 லிட்டர் குளியலிலும் துவைகல்லிலும் பாத்திரம் துலக்குமிடத்திலும் கழிந்து வெளியேறுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு நீரை இரு மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ள 1970-இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதைப் பற்றிய வாதம் ஒவ்வொரு கோடையிலும் எழுகிறது. கொல்லையில் ஓடும் இந்த 200 லிட்டருக்கு ஒப்பந்தம் வேண்டுவதில்லை. அதிகாரி ஒப்பமிட வேண்டுவதில்லை. அது முன்னரே நம் வீட்டுக்கு வந்துவிட்ட நீர்.

“இதைத்தான் எங்கள் பாட்டி வாழைக்கு விட்டாளே, இதிலென்ன புதுமை?” என்று நேயர் சிலர் கேட்கலாம். உண்மை. துவைகல்லிலிருந்து ஓடும் வாய்க்காலின் இருமருங்கிலும் கல்வாழையும் சேம்பும், அதன் முடிவில் நாலைந்து வாழையும் நிற்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். கல்வாழை அழகுக்காக மட்டும் நடப்பட்டதன்று; ஈரத்தைக் குடித்து நாற்றத்தை அடக்கும் செடி என்று அறிந்தே நட்டார்கள். ஆனால் அத்தை சொன்ன சாம்பலை இங்கே நினைவுகூர வேண்டும். அன்று பாத்திரத்துக்குச் சாம்பல், தலைக்குச் சீயக்காய், துணிக்கு உவர்மண்ணோ ஒரு கட்டிச் சவுக்காரமோ. நீரும் அளவாகவே செலவாயிற்று. இன்றோ சலவைத்தூளும் பாத்திரச் சோப்பும் தலைக்கு ஷாம்புவும் வந்துவிட்டன. குழாய் வந்த பின் நீரின் அளவும் பெருகிவிட்டது. பாட்டியின் வாய்க்கால் இவ்வளவையும் தாங்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு மண்ணின் துளைகளை அடைக்கிறது, நீர் தேங்குகிறது, கொசு பெருகுகிறது, அண்டை வீட்டாருடன் மனத்தாங்கல் பிறக்கிறது. எல்லாவற்றினும் கொடிது, அந்நீர் மெல்ல ஊறிக் கிணற்றை அடைவது. அத்தையின் கிணறு துவைகல்லிலிருந்து பத்தடி தூரத்தில்கூட இல்லை. மூன்று தலைமுறையாகக் குடித்த அந்தக் கிணற்று நீரில் ஒரு கோடையில் சவுக்கார வாடை வீசியது. எழுபது வயதைக் கடந்த அத்தை அன்று முதல் குடிநீருக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு பொதுக் குழாயடியில் நிற்கலானார். நாம் இப்பொருளைச் சுற்றறிக்கைக்கு வெளியே எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

பாட்டியின் வழியையே அளவும் முறையும் அறிந்து செய்தால் அதுதான் செயற்கைச் சதுப்பு நிலம் எனப்படும் ஏற்பாடு. பெயர் பெரிது, பொருள் எளிது. நீர் கசியாத ஒரு குழியில் ஜல்லியை நிரப்பி, நீர்ச்செடிகளை நட்டு, ஒரு முனையில் கழுவுநீரை விட்டு மறுமுனையில் தெளிந்த நீரைப் பெறுவதே அது. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் பெண் அறிஞர் 1950-களில், நீர்க்கோரை போன்ற செடிகள் அழுக்கு நீரைத் தெளியவைப்பதைச் சோதித்துக் காட்டினார். பின்னர் அந்நெறி பல நாடுகளில் பரவியது. நம் பக்கத்தில், புதுச்சேரியை அடுத்து 1968-இல் தோன்றிய ஆரோவில்லில் பல குடியிருப்புகளின் கழிவுநீர் இத்தகைய செடிப்படுகைகளின் வழியே வந்து தோட்டங்களுக்குப் பயன்படுகிறது. சென்னையில் இந்துகாந்த் ராகடே என்னும் வேதியியல் அறிஞர், குளியல் நீரைக் கல்வாழை முதலிய செடிகள் நிற்கும் மண்ணில் விட்டு நிலத்தடிக்கு அனுப்பும் முறையை நகரவாசிகளிடையே பரப்பினார். ஆகவே இது நமக்கு அயலான கலை அன்று.

இப்படுகையில் வேலை செய்வது எது? செடி என்று பலர் எண்ணுவர். செடியின் பங்கு உண்டு. பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுடையது. ஒவ்வொரு கல்லின் மேலும் வேரின் மேலும் அவை மெல்லிய பாசியைப் போல் படிந்து வாழ்கின்றன. நீரில் கரைந்து வரும் அழுக்கே அவற்றுக்கு உணவு. செடியோ தன் தண்டின் வழியே சிறிது காற்றை வேருக்கு இறக்குகிறது. நீரிலுள்ள உரச்சத்துகளில் ஒரு பகுதியைத் தான் எடுத்துக்கொள்கிறது. வேரோட்டத்தால் கற்களிடையே வழி திறந்து வைக்கிறது. நுண்ணுயிர்கள் தம் வேலையை முடிக்க நீர் சில நாள் படுகையில் தங்க வேண்டும். இந்தத் தங்கும் காலமே எல்லா அளவுகளுக்கும் அடிப்படை.

அளவுகளைக் காண்போம். வெப்பமான சமவெளியில் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகை எனக் கொள்ளலாம். ஐந்து பேருக்கு 5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் போதும். ஆழம் 60 சென்டிமீட்டர். அதில் நீர் நிற்பது 50 சென்டிமீட்டர். ஜல்லிகளுக்கு இடையேயுள்ள வெற்றிடம் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது என்று கொண்டால், இப்படுகை 1,000 லிட்டர் நீரைத் தாங்கும். நாள்தோறும் 200 லிட்டர் விட்டால், ஒவ்வொரு துளியும் ஐந்து நாள் உள்ளே தங்கிச் செல்லும். குழியின் அடி, நீர் வெளியேறும் பக்கம் நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் சரிந்திருக்க வேண்டும். கனத்த பிளாஸ்டிக் விரிப்போ, சிமெண்டுப் பூச்சோ, நன்றாக மிதித்த களிமண்ணோ நீர் கசியாமல் காக்கும். இரு முனைகளிலும் ஒரு முழ அகலத்துக்குக் கையளவுக் கற்கள். நடுவே விரல்நுனி அளவுள்ள ஜல்லி. ஜல்லியைத் தூசி போகக் கழுவியே கொட்ட வேண்டும். வெளியேறும் குழாயின் வாய் உயரத்தைக் கொண்டு, நீர்மட்டம் கல்லின் மேற்பரப்புக்கு அரைச் சாண் கீழே நிற்குமாறு செய்ய வேண்டும். நீர் வெளியே தெரியாதபோது கொசு முட்டையிட இடமில்லை, நாற்றமும் எழாது. கல்வாழை, சேம்பு, கோரை, வெட்டிவேர், நாணல் ஆகியவற்றில் கிடைப்பதை நடலாம். நாணலும் சம்பும் பெரிய இடத்துக்கே ஏற்றவை. சிறு படுகையை அவை விழுங்கிவிடும்.

படுகைக்கு முன்னே ஒரு சிறு தொட்டி அவசியம். எண்ணெய்ப் பிசுக்கு மிதந்து மேலே நிற்க, சோற்றுப் பருக்கையும் மண்ணும் கீழே படிய, நடுவிலுள்ள நீர் மட்டும் படுகைக்குச் செல்ல வேண்டும். சிமெண்டு உறை ஒன்றை இறக்கி, வெளிக்குழாயின் வாயை நீருக்குள் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் இந்த வேலை முடியும். அத்தொட்டியை வாரம் ஒருமுறை வழித்துக் கழுவ வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுற்றறிக்கையைத் தமிழாக்கியபோது அத்தொட்டிக்கு ‘முன்வடிப்பான்’ என்று ஓர் அழகிய சொல்லைப் படைத்தோம். விடுமுறையில் அத்தை வீட்டில் முதற்படுகையை நாமே முன்னின்று அமைத்தபோது, சொல்லைப் படைத்த பெருமையில் பொருளை விட்டுவிட்டோம். தொட்டி வைக்கவில்லை. ஜல்லியையும் கழுவவில்லை. நான்கு மாதத்தில் கற்கள் கொழகொழவென்று அடைபட்டன, நீர் மேலே பொங்கித் தேங்கியது, கொசு வந்தது, அடுத்த வீட்டாரும் வந்தார்கள். “ஏஞ்சாமி, வாய்க்காலே வாழைக்கு நேரா ஓடிட்டிருந்துது. அதைக் கல்லுக்குள்ளே விட்டு எதைக் கண்டே?” என்று அத்தை தொலைபேசியில் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. மறு ஆண்டு கற்களை அள்ளிக் கழுவி, தொட்டி வைத்து, படுகையைக் கிணற்றிலிருந்து தொலைவில் கொல்லையின் கீழ்க்கோடிக்கு மாற்றி அமைத்தோம். இரண்டு மாதத்தில் கல்வாழை இடுப்பளவு வளர்ந்தது. வெளியேறிய நீரை அத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாரம் தவறாமல் தொட்டி கழுவுவதற்கென்று ஒரு பழைய கரண்டியைச் சுவரில் மாட்டி வைத்தார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 200 லிட்டரில், கோடை வெயிலும் செடிகளும் நாளுக்கு முப்பது நாற்பது லிட்டரைக் குடித்துவிடும். எஞ்சுவது ஏறத்தாழ 160 லிட்டர். வளர்ந்த வாழை ஒன்றுக்குக் கோடையில் நாளுக்குச் சுமார் 20 லிட்டர் வேண்டும் எனில், எட்டு வாழைகள் கிணற்றைத் தொடாமலேயே பிழைக்கும். எட்டு வாழையால் ஒரு குடும்பம் செல்வமடையாது. ஆனால் அதற்கென்று கிணற்றிலிருந்து இறைத்திருக்க வேண்டிய 160 லிட்டர் கிணற்றிலேயே நிற்கும். அழுக்கும் அதனுள் இறங்காது. இந்த இரண்டும் சேர்ந்தே ஆதாயம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இந்நீர் தெளிந்ததே அன்றிக் குடிநீர் ஆகாது. கிருமிகள் முற்றும் ஒழிந்தன என்று எண்ணலாகாது. ஆகவே வேரடியில் விடலாம், இலைமேல் தெளிக்கலாகாது. பச்சையாக உண்ணும் கொத்துமல்லி, வெள்ளரி போன்றவற்றுக்கு வேண்டா; வாழை, தென்னை, முருங்கை, பூச்செடி ஆகியவற்றுக்கு நன்று. குழந்தையின் மலத்துணி அலசிய நீரைக் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும். கழுவுநீரைப் படுகைக்கு விடாமல் ஒருநாளுக்கு மேல் தேக்கி வைத்தால் அது முடைநாற்றம் எடுக்கும். மற்றொன்று: சலவைத்தூளிலுள்ள சோடியம் உப்பைப் படுகை நீக்காது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அது சேர்ந்தால் மண் இறுகி இலையோரம் கருகும். சலவைத்தூளைக் குறைப்பதும், நீர் விடும் பாத்தியை மாற்றி மாற்றி அமைப்பதும், மழைநீர் அப்பாத்தியை ஒருமுறை நன்றாக அலசிச் செல்ல விடுவதும் இதற்குப் பரிகாரம்.

இதுகாறும் சொன்னவை சமவெளிக்கு. மலைமேல் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் வாழும் தமிழர்களின் நிலை வேறு. அங்கும் ஒரே வானம் இல்லை. மூணாற்றில் மழை கொட்டித் தீர்க்க, அதே மலையின் கிழக்குச் சரிவில் சின்னாறு ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையோடு நின்றுவிடுகிறது. மறையூரும் மழை மறைவுப் பகுதியே. அங்கே கொழிஞ்சாம்பாறைக்குச் சொன்னது பொருந்தும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் குறை நீரன்று, இடம். பல வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்க, அனைவரது கழுவுநீரும் வாசலுக்கு முன்னே ஒரே கால்வாயில் ஓடி ஓடையில் விழுகிறது. அவ்வோடையின் நீரைக் கீழே வேறொருவர் மொண்டு குடிக்கலாம். தனித்தனிப் படுகைக்கு இடமில்லாததால், லயத்துக்கு ஒன்றாகக் கால்வாயின் முடிவில் பொதுப் படுகை அமைப்பதே வழி. குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாக வேலை செய்யும். எனவே ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் வேண்டும். கூரை மழைநீர் உள்ளே புகாதபடி சுற்றிலும் கரை கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு வீடு என முறைவைத்துத் தொட்டி கழுவ ஏற்பாடு இல்லாவிட்டால், பொதுப் படுகை யாருடையதும் அல்லாத படுகை ஆகிவிடும்.

சரிவில் வாழ்வோர்க்கு இன்னொன்று. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அது பெருமழையால் நேர்ந்தது. கழுவுநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் வீட்டை ஒட்டிய சரிவில் உறிஞ்சுகுழி தோண்டி நீரை மண்ணுக்குள் ஊறவிடுவது நல்லதன்று. அங்கே படுகையின் அடி கசியாமல் இருக்க வேண்டும். வெளியேறும் நீரைக் குழாய் வழியே சமதளத்திலுள்ள பயிருக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நேயர்களே, மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இருந்துகொண்டு நாம் திங்கள்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அதைக் கொண்டு ஊர் வீட்டில் குளியலறை எழுகிறது. சுவருக்கு ஓடு பதிக்கப்படுகிறது. துணி துவைக்கும் எந்திரம் வருகிறது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அக்குளியலறையின் குழாய் சுவருக்கு வெளியே நின்று, அழுக்கைத் தாயின் கிணற்றுப் பக்கமாக விட்டுக்கொண்டிருக்குமானால், நாம் அனுப்பிய வசதி அவரைக் குடத்துடன் தெருவில் நிறுத்திவிடும். அத்தையின் வீட்டில் அவ்வாறு நிறுத்தியது நாம் வாங்கிக் கொடுத்த எந்திரமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கொல்லைப்புறம் சென்று அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஐந்து சதுர மீட்டர் இடமும், ஒரு வண்டி ஜல்லியும், பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும் நாலு கல்வாழைக் கிழங்கும் போதும். ஜல்லியை மறவாமல் கழுவிக் கொட்டுங்கள்.

அத்தையின் கிணற்றில் இரண்டு மழைக்காலம் கழிந்த பின் வாடை நீங்கியது. நீரைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே குடிக்கலாம் என்று சொல்லியிருந்தோம். முடிவு நல்லபடியாக வந்தது. அன்று மாலை அவர் தொலைபேசியில் அழைத்து, இந்த முறை வரும்போது தில்லியிலிருந்து வேறொன்றும் வாங்கி வரவேண்டா, தாம்புக் கயிறு இற்றுப் போயிற்று, பாலக்காட்டில் இறங்கி ஒன்று வாங்கி வந்தால் போதும் என்றார்.